ஸ்டாட்டிம் என்ற வார்த்தைக்கு ஒரு வாக்கியம்

ஷைனி என்னிடம் கேட்டது பத்து வார்த்தைகள். ஒன்பதை ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்துவிட்டேன். பத்தாவது ஐந்து வாரம் இழுத்தது.

நான் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், இப்போது பார்மசியைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஷைனி. தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில், கேரளத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே சீட்டு எழுதும் வழக்கம் போய்விட்டது. டாக்டர் கணினியில் தட்டினால் பார்மசித் திரையில் வந்து விழுகிறது. போனில் சொன்னாள்:

"இனி லத்தீன் சுருக்கம் ஒண்ணும் எழுதப்பிடாதுண்ணு ஆர்டர் வந்தாச்சு சேச்சி. ஆனா பழைய சீட்டும் கொண்டு ஆளுகள் இன்னும் வருகது உண்டு. புதுசா வந்த பிள்ளைகளுக்கு ஒரு மண்ணும் தெரியேல. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வாக்கியம், கீழ அதுக்க அர்த்தம். அது போரும். நாங்க கண்ணாடியில ஒட்டி வைப்போம்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ரிட்டயர் ஆனவளிடம் யார் வந்து வாக்கியம் கேட்கிறார்கள்? கொல்லயில் என்ற ஊரில் என் சொந்த வீட்டில் என் வாக்கியத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். உடனே காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆன்டே சிபம், சாப்பாட்டுக்கு முன். 'எங்கள் வீட்டுக்காரருக்கு ஆன்டே சிபம் கோபம் வரும்.' அதாவது, சாப்பாட்டுக்கு முன் கோபம் வரும். போஸ்ட் சிபம், சாப்பிட்ட பின். 'அந்தக் கோபம் போஸ்ட் சிபம் போய்விடும்.' ஹோரா சோம்னி, தூங்கப் போகும் நேரத்தில். பிஸ் டையி, நாளுக்கு இரண்டு வேளை. இப்படியே சிரித்துக்கொண்டு ஒன்பது எழுதினேன். கடைசியாக 'ஸ்டாட்டிம்' என்று எழுதி, எதிரே 'உடனே' என்று எழுதி, வாக்கியத்துக்குப் பேனாவை வைத்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை. காகிதத்தை மடித்து அரிசி டப்பாவின் அடியில் வைத்துவிட்டேன்.

எங்களுடையது சைவ வெள்ளாளக் குடும்பம். ஆண்கள் தலைமுறை தலைமுறையாக சர்க்கார் குமாஸ்தாக்கள். எழுதி முத்திரை வைத்துவிட்டால் அது நடந்த காரியம் என்ற நம்பிக்கை எங்கள் இரத்தத்திலேயே உண்டு. நான் திருவனந்தபுரத்தில் பார்மசி படித்தேன், பரீட்சை எழுதினேன், கலியாணம் ஆனது, வேலை கிடைத்தது. இதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் படித்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

பார்மசியின் தலைவர் சிவதாணு சார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். நாம் முன்னால் குனிந்து கேட்டுத்தான் திட்டு வாங்க வேண்டும். காதில் எப்போதும் ஒரு நீலப் பென்சில். கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் மூன்று ஆணிகள் அடித்து வைத்திருந்தார். ஒன்று புறநோயாளிச் சீட்டுக்கு, ஒன்று வார்டுச் சீட்டுக்கு. மூன்றாவதற்குச் சிவப்பு பெயிண்ட் அடித்திருந்தது. அது ஸ்டாட் சீட்டுக்கு, அதாவது டாக்டர் ஸ்டாட்டிம் என்பதைச் சுருக்கி எழுதிய அவசரச் சீட்டுக்கு.

சிவப்பு ஆணியில் சீட்டு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் ஒரு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். கையில் உள்ள வேலையை அப்படியே போட வேண்டும். மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணிக்கையை விட வேண்டும், பிறகு முதலிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். அட்டெண்டர் கையில் மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது. நாமே கொண்டுபோய்ப் படுக்கையருகே நர்ஸ் கையில் கொடுக்க வேண்டும். அதனால் ஸ்டாட் சீட்டு கொண்டு வருகிறவர் கவுண்டரில் காத்து நிற்கத் தேவையில்லை. திரும்பி வந்து, சீட்டு வந்த ஐந்து நிமிஷத்துக்குள் காரியம் முடிந்திருந்தால், பின்பக்கத்தில் 'ஸ்டாட்டிம் கொடுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முடியவில்லையென்றால் மணியையும், தாமதத்தின் காரணத்தையும் எழுத வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரம் முழுக்க, கவுண்டர் திறக்குமுன், ஒரே ஒரு வேலைதான் கொடுப்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துத் தினம் ஒரு வாக்கியம். கீழே தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. நான் முதல் நாள் எழுதியது: 'அம்மை கூப்பிட்டால் ஸ்டாட்டிம் போவேன்.' கீழே, 'அம்மை கூப்பிட்டால் உடனே போவேன்.' சார் வாசித்தார். நீலப் பென்சிலை எடுத்து இரண்டையும் அடித்தார்.

"போவியா மக்கா?"

"போவேன் சார்."

"பொய்யாக்கும் இது. எந்தப் பிள்ளையும் போகாது. நடக்காத காரியத்த வச்சு வாக்கியம் எழுதப்பிடாது. இங்க எழுதுகது எல்லாம் நடந்ததா இருக்கணும்."

அந்த மனிதர் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை, இத்தனைக்கும் பிறகு, இன்றைக்கும் முழுதாகப் போய்விடவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

சில வருஷங்கள் கழித்து ஒரு இளம் டாக்டர் வந்தார். சின்ன டாக்டர் என்போம். நல்ல மனசு. யார் முகம் வாடினாலும் அவருக்குப் பொறுக்காது. "வெள்ளறடை பஸ்ஸு போயிரும் டாக்டரே" என்று ஒரு கிழவி சொன்னால் இருமல் மருந்துச் சீட்டிலும் ஸ்டாட் போட்டுக் கொடுத்துவிடுவார். வரிசையில் நிற்க வேண்டாமே! செய்தி பரவாமல் இருக்குமா? பத்து மணிக்குள் சிவப்பு ஆணி நிறைந்துவிடும். வயிற்றுப் புளிப்புக்கு ஸ்டாட், சொறிக்கு ஸ்டாட், கால்ஷியம் மாத்திரைக்கு ஸ்டாட்.

ஆகவே நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். சீட்டில் மருந்தைப் பார்ப்பதில்லை, கையெழுத்தைப் பார்ப்போம். பெரிய டாக்டரின் ஸ்டாட் என்றால் ஓடுவோம். சின்ன டாக்டரின் ஸ்டாட் என்றால் கைவேலை முடிந்த பிறகு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சிவதாணு சாருக்கும் தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி இருந்தார்.

அன்று திங்கட்கிழமை. வரிசை சைக்கிள் ஷெட் வரை நின்றது. பதினொன்றே கால் மணிக்கு அட்டெண்டர் கமலம் அக்கா வந்து சிவப்பு ஆணியில் ஒரு சீட்டைக் குத்தினாள். "காஷுவாலிட்டிக்காக்கும், ஸ்டாட்டு" என்று சொல்லிவிட்டு வந்த வேகத்தில் திரும்பிப் போனாள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கையெழுத்து சின்ன டாக்டருடையது. மறுபடி குனிந்து, ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு ஒரு மாதத்துக்கான பிரஷர் மாத்திரையை எண்ணினேன். அவருக்கு அடுத்தவர், அதற்கும் அடுத்தவர். சுவரில் கடிகாரம் இருந்தது. அதையும் இரண்டு முறை பார்த்தேன். சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்தேன்.

பதினொன்று நாற்பதுக்குச் சின்ன டாக்டரே கவுண்டரில் வந்து நின்றார். ஒரு காலில் செருப்பு இல்லை.

"சேச்சி, பாம்பு மருந்து" என்றார்.

பாம்பு விஷ மருந்துக்கு அப்போது தட்டுப்பாடு. காஷுவாலிட்டியில் வைப்பதில்லை; எங்கள் ஃப்ரிட்ஜில் பூட்டி வைத்திருப்போம். சாவி என் இடுப்பில். பத்துக் குப்பிகளை முந்தானையில் கட்டிக்கொண்டு ஓடினேன். அப்படி ஒரு ஓட்டம் அதற்கு முன்னும் பின்னும் நான் ஓடியதில்லை.

படுக்கையில் கிடந்தவர் பெயர் செல்வராஜ். வெள்ளறடைப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர். பால் எடுக்கும்போது அணலி, அதாவது கண்ணாடிவிரியன், கடித்திருக்கிறது. ஈறிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கையெல்லாம் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்ததால், நர்ஸ் அதை நகத்தால் உரித்து உரித்து நரம்பு தேடினாள். கால்மாட்டில் அவர் மனைவி லில்லி இருந்தாள். கடிபடாத காலின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சிரைக்க ஓடி வந்ததை அவள் ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது.

மருந்து ஏறியது. சாயங்காலம் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் செல்வராஜ் இறந்தார். இருபத்தைந்து நிமிஷம் முன்னால் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பிறகு ஒரு நாள் சின்ன டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது சேச்சி" என்றார். "பிழைச்சிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்." இதைவிட மோசமான பதில் கிடையாது.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மறுநாள் காலை, கவுண்டர் திறக்குமுன், வாக்கியம் எழுதவைக்கும் அதே நேரத்தில் சிவதாணு சார் என் மேசைக்கு வந்தார். கையில் அந்தச் சீட்டு. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் நெடுநேரம் துடைத்தார்.

"பின்பக்கம் ஒண்ணும் எழுதேலியே மக்கா."

"இருபத்தஞ்சு மினிட்டு ஆயிப்போச்சு சார். காரணம் என்னண்ணு எழுதுவேன்?"

"காரணம் வேண்டாம். மணியும் வேண்டாம். நான் சொல்லுகத எழுது." குரல் மிகத் தாழ்ந்திருந்தது. நான் குனிந்து கேட்டேன். "உனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைகளாக்கும். அந்த டாக்டரு பயலுக்கு கலியாணம் நிச்சயிச்சிருக்கு. நான் ரிட்டயர் ஆக எட்டு மாசம் உண்டு. செத்தவன் திரும்ப வரப்போறதில்ல. எழுது."

'ஸ்டாட்டிம் கொடுத்தது' என்று எழுதினேன். விளக்கக் காகிதத்தில் மலையாளத்திலும் எழுதினேன்: 'மருந்நு உடனே கொடுத்து.' என் கையெழுத்து, கீழே அவர் கையெழுத்து, அதன் கீழே சின்ன டாக்டர் கையெழுத்து. நீலப் பென்சில் அவர் காதிலேயே இருந்தது.

காகிதம் மேலே போய் முடிவோடு திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் தாமதமில்லை, வரும் வழியில் விஷ வைத்தியர் வீட்டில் ஜீப்பை நிறுத்தியதில் நேரம் வீணாகியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. ஜீப்பை நிறுத்தச் சொன்னது லில்லி. என் இரண்டு வார்த்தை என் தலையிலிருந்த பழியை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டது. இது எனக்கு அன்று விளங்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

செல்வராஜின் காரியமெல்லாம் முடிந்த பிறகு லில்லி கவுண்டருக்கு வந்தாள். இடுப்பில் நான்கு வயது மகன். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றாள்.

"சேச்சி, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும். அண்ணைக்கு மருந்து உடனே குடுத்தியளா?"

"என்ன பிள்ளே இப்பிடிக் கேக்குக?"

"அவருக்க அம்மை சொல்லுகது, நான் வைத்தியருக்க வீட்டுல வண்டிய நிறுத்துனதுனாலயாக்கும் போனாருண்ணு. நான் கொன்னேன்ணு. வீட்டுல இருக்கப்பிடாதுண்ணு சொல்லியாச்சு. மவன விடமாட்டாளாம். ஆஸ்பத்திரியில தாமசம் ஆச்சுண்ணு ஒரு வார்த்தை நீங்க சொன்னா, எனக்கு அங்க நிக்க ஒரு எடம் உண்டு."

ஒரு வார்த்தைதான் கேட்டாள். கண்ணாடிக்கு அப்பால் சிவதாணு சார் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. நான் சொன்னேன்:

"உடனே குடுத்தோம் பிள்ளே. நான் ஓடி வந்தத நீயே பாத்தியல்லா?"

"பாத்தேன் சேச்சி," என்றாள். மகனை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அப்பம் நாந்தான்."

மகனை மாமியார் வைத்துக்கொண்டாள். லில்லி அங்கிருந்து இறங்கி, ஒரு ஒற்றையறை வீட்டில் இருந்துகொண்டு ரப்பர் ஷீட் அடிக்கப் போனாள். பிறகு அவளுக்கும் பிரஷர் வந்து, மாதம் ஒருமுறை எங்கள் கவுண்டருக்கு மாத்திரை வாங்க வரத் தொடங்கினாள். வெறுங்கையோடு வரமாட்டாள். பையில் எனக்கென்று மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, இருக்கும். "அவருக்கு வேண்டி ஓடுன காலாக்கும்" என்பாள் என் காலைப் பார்த்து. நான் ரிட்டயர் ஆகும்வரை இது நடந்தது. வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வேகவைத்து, மீன் குழம்பு வைக்காத வீடு என்பதால் மிளகாய்ச் சம்மந்தித் துவையல் அரைத்து, எல்லோருமாகச் சாப்பிட்டோம். நல்ல மரச்சீனி, வெண்ணெய் போல வேகும்.

சிவதாணு சார் காலமாகிவிட்டார். அந்தச் சீட்டைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பிறகு பேசியதே கிடையாது. சின்ன டாக்டர் வெளிநாட்டில் எங்கோ இருக்கிறார்.

ஐந்தாவது வாரம் ஷைனி மறுபடி கூப்பிட்டாள். "என்ன சேச்சி, ஒரு வார்த்தைக்கு இத்தறை பாடா? கம்ப்யூட்டர்ல அதுக்கொரு சிவப்புக் கட்டம் உண்டு, பாத்துக்கிடுங்க. அத அமுக்கி விட்டாதான் சீக்கிரம் மருந்து கிடைக்கும்ணு டாக்டருமாரு எல்லாத்துக்கும் அமுக்கி விடுகாவ. நாங்க இப்பம் சிவப்பப் பாக்கதே இல்ல. எந்த டாக்டருண்ணுதான் பாப்போம்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை வைத்ததும் அரிசி டப்பாவை நகர்த்திக் காகிதத்தை எடுத்தேன். ஒரே மூச்சில் வாக்கியத்தை எழுதினேன். ஆனால் அது கண்ணாடியில் ஒட்டுவதற்கு முன்னால் வாசித்துக் காட்ட வேண்டிய ஆள் ஒருத்தி இருந்தாள். மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, வெள்ளறடை பஸ்ஸில் ஏறினேன்.

லில்லி முற்றத்தில் ஷீட் அடிக்கும் ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. "சேச்சியா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மரச்சீனி பிடுங்கி வச்சிருப்பேனே" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். காகிதத்தைப் பிரித்து, அந்த ஒரு வரியை மட்டும் வாசித்தேன்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எத்தற மினிட்டு?"

"இருபத்தஞ்சு."

"வைத்தியருக்க வீட்டுல நாங்க நிண்ணது பதினஞ்சு." இத்தனை வருஷமும் அதை எண்ணி வைத்திருக்கிறாள். "அந்த சீட்டு எங்க இருந்துது?"

"எனக்க தலைக்கு மேல. ஆணியில."

ரோலரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"அவருக்க அம்மை செத்து மூணு வருஷம் ஆச்சு. சாவக் கிடக்கும்பளும் என்னைப் பாக்கமாட்டேன்ணு முகத்தத் திருப்பினா. எனக்க மவன் குவைத்துல இருக்கான். கிறிஸ்மசுக்கு போன்ல விளிப்பான். அம்மைண்ணு விளிக்கமாட்டான்." என் காலைப் பார்த்தாள். "எத்தற வருஷம் உங்களுக்கு நான் மரச்சீனி சொமந்தேன் சேச்சி!"

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை. உள்ளே போய் போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இண்ணைக்கு அவனுக்கு லீவு. நீங்க சொல்லணும்."

"நான் வீட்டுக்குப் போய் நிதானமா..."

"இப்பம் சொல்லணும். எனக்க முன்னால நிண்ணு சொல்லணும். உடனே சொல்லணும்."

அவளே எண்ணை அழுத்தி என் கையில் வைத்தாள். மணி அடித்தது. "ஆரு?" என்றது ஒரு ஆண்குரல். பதினொன்றே கால் மணிக்கு கமலம் அக்கா சீட்டைக் குத்தியதிலிருந்து தொடங்கினேன். பிரஷர் மாத்திரை எண்ணியதைச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்ததைச் சொன்னேன். சீட்டின் பின்பக்கம் என்ன எழுதினேன், அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அவன் அம்மை கேட்டபோது என்ன சொன்னேன், எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"போன எனக்க அம்மைக்கிட்ட குடுங்க" என்றான்.

கொடுத்தேன். லில்லி அதைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். பேச்சுக் கேட்கவில்லை, அழுகை கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் முற்றத்தில் நின்றேன். அவள் திரும்பி வரவில்லை, என்னை உள்ளே கூப்பிடவுமில்லை. கூப்பிட வேண்டிய காரியமுமில்லை. பஸ்ஸுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை காகிதத்தை ஷைனியிடம் கொடுத்தேன். ஒன்பது வாக்கியத்துக்குச் சிரித்தாள். பத்தாவதில் நின்றாள்.

'ஸ்டாட்டிம்: பாம்பு கடித்து வந்த செல்வராஜுக்கு ஸ்டாட்டிம் மருந்து கொடுக்கப்படவில்லை.'

'பாம்பு கடித்து வந்த செல்வராஜுக்கு நான் உடனே மருந்து கொடுக்கவில்லை.'

இரண்டு தடவை வாசித்தாள். கவுண்டருக்கு வெளியே வரிசையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். சிவப்புக் கட்டங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

"இத ஒட்டணுமா சேச்சி?"

"ஒட்டு."

"கீழ உங்களுக்க பேரு எழுதியிருக்கே. அத வெட்டிட்டு ஒட்டட்டா?"

"வெட்டாண்டாம். அப்பிடியே ஒட்டு."